ஒரு டேப்பை அழுத்தினால் முழுப் பக்கமும் ஏன் காலியாகிறது?

"சர்வர் டவுன்ங்க. நாளைக்கு வாங்க."

இ-சேவை மையத்துப் பக்கம் போன எவருக்கும் இந்த வார்த்தை புதிதல்ல. பல நேரம் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் சில நேரம் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், நெட்டும் இருக்கும், மின்சாரமும் இருக்கும், பக்கம் மட்டும் வெள்ளையாக நிற்கும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது வகையைப் பற்றியது. அதிலும் ஒரே ஒரு வகைத் தப்பைப் பற்றி. எழுதியவர் கண்ணுக்குத் தெரியாது, கணினியும் 'பிழை' என்று சொல்லாது, பயனாளி மட்டும் அலைவார். அந்த மாதிரித் தப்பு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை நான் வேறு யாரிடமும் கண்டுபிடிக்கவில்லை, நானே செய்தேன். கொல்லிமலையில் சான்றிதழ்களுக்காக நடந்த ஒரு முகாமுக்கு, எந்தச் சான்றுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று சொல்லும் சின்னத் தகவல் பக்கம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தேன். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று மேலே மூன்று டேப். தொட்டால் அந்தந்த விவரம் வரும். முகாமுக்கு முந்தின நாள் என் வீட்டுக் கணினியில் மூன்றையும் தொட்டுப் பார்த்தேன், வந்தது. சரி என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் பெரக்கரை நாட்டிலிருந்து ஒரு பெரியவர் பேத்தியோடு வந்திருந்தார். பேத்திக்குக் கல்லூரிச் சேர்க்கை. மையத்துத் தம்பி 'சாதிச் சான்று' டேப்பைத் திறந்து, அதற்குள் 'ஆவணங்கள்' என்பதைத் தொட்டார். பக்கம் காலி. திரும்பத் திறந்தார், திரும்பத் தொட்டார், திரும்பக் காலி. "சர்வர் டவுன்ங்க அய்யா" என்று அவர் சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. "ஏம்ப்பா, பஸ்ஸுக்கு ஒரு நேரம் இருக்குல்ல" என்று மட்டும் பெரியவர் கேட்டார். மலைக்கு உள்ளே ஒரு நாட்டிலிருந்து செம்மேடு வந்து திரும்புவது ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். எந்த ஆவணம் என்று தெரியாமல் நாமக்கல் வரை இறங்கிவிட்டால், காரவள்ளிப் பாதையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இன்னொரு முறை ஏறி இறங்க வேண்டும்.

அந்தப் பக்கத்தில் என்ன நடந்தது என்று பார்ப்போம்.

டேப் என்பது ஒரு கதவு, அவ்வளவுதான்

டேப் (தமிழ்க் கணிமையில் 'தாவல்' என்றும் எழுதுகிறார்கள்) தொட்டதும் புதுப் பக்கம் எங்கிருந்தோ வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. மூன்று டேப்புக்குரிய விவரமும் பக்கம் திறக்கும்போதே வந்து இறங்கிவிடும். ஒன்றைக் காட்டி மற்ற இரண்டை மறைத்து வைத்திருப்பார்கள். ஒரே வீட்டில் மூன்று அறை, ஒரு நேரத்தில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும். நீங்கள் இரண்டாவது டேப்பைத் தொட்டால் ஜாவாஸ்கிரிப்ட் இரண்டு வேலை செய்யும். எல்லா அறைக் கதவையும் மூடும். பிறகு கேட்ட அறையை மட்டும் திறக்கும்.

இங்கே 'எல்லா' என்ற சொல்தான் வில்லன்.

எல்லா அறையும் என்றால் எந்த எல்லாம்? அதைக் கணினிக்குச் சொல்லும் சொல்லுக்குத்தான் செலக்டர் என்று பெயர். பக்கத்தில் நூற்றுக்கணக்கான பெட்டிகள், எழுத்துகள், இணைப்புகள், பொத்தான்கள் இருக்கும். அதில் 'இன்னின்னதைப் பிடி' என்று விரல் காட்டுவது செலக்டர். விரல் காட்டும் விதம் முக்கியமாக மூன்று. ஒன்று, இனத்தைச் சொல்லிப் பிடிப்பது: இணைப்புகள் எல்லாம், பத்திகள் எல்லாம். இரண்டு, கிளாஸ் பெயரைச் சொல்லிப் பிடிப்பது. அதற்கு முன்னால் ஒரு புள்ளி வைப்போம். மூன்று, ஐடி சொல்லிப் பிடிப்பது. அதற்கு முன்னால் # குறி.

கொல்லிமலைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்பச் சுலபம். மலையில் ஊராட்சிகளை 'நாடு' என்றே சொல்வார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேளூர் நாடு, பெரக்கரை நாடு என்று மொத்தம் 14. இப்போது 'நாட்டுக்காரங்க எல்லாம் வாங்க' என்று மைக்கில் கூப்பிட்டால் 14 நாட்டுக்காரர்களும் வந்து நிற்பார்கள். கூப்பிட்டவர் மனதில் பெரக்கரை மட்டும் இருந்திருக்கலாம். அது மைக்குக்குத் தெரியாது. செலக்டர் மொழியில் சொன்னால், '.நாடு' என்று எழுதினால் 14, '#பெரக்கரை' என்று எழுதினால் 1. கணினிக்கு உங்கள் மனதில் இருப்பது தெரியாது. சொன்னதை அப்படியே செய்யும். அதனால்தான் இந்த வகைத் தப்பில் சிவப்பு எழுத்தில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. அதன் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது.

(ஒரு சின்னத் தகவல். கிளாஸ் பெயரை ஆங்கிலத்தில்தான் வைக்க வேண்டும் என்று விதி இல்லை. யூனிகோடு தமிழ் எழுத்தில் வைத்தாலும் இன்றைய உலாவிகள் ஏற்கும். என் பக்கத்தில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருந்தன. இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் மாற்றிச் சொல்கிறேன். அப்படியே தட்டச்சு செய்தாலும் வேலை செய்யும்.)

உள்ளே ஒரு டேப், வெளியே ஒரு டேப்

என் பக்கம் ஆரம்பத்தில் இப்படி இருந்தது. '.டேப்கள்' என்று ஒரு பெரிய பெட்டி. அதற்குள் மேலே மூன்று '.தலைப்பு', கீழே மூன்று '.பலகம்'. தலைப்பைத் தொட்டால் '.பலகம்' எல்லாவற்றையும் மூடு, உரிய பலகத்தைத் திற. ஒரே ஒரு தொகுப்பு இருக்கும்வரை இதில் குறையே இல்லை.

பிறகு ஒரு நண்பர் சொன்னார், விவரம் நீளமாக இருக்கிறது, செல்போனில் உருட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது என்று. நியாயமான பேச்சு. சரி என்று ஒவ்வொரு சான்றுக்கும் உள்ளே 'ஆவணங்கள்', 'கட்டணம்', 'எங்கே கொடுப்பது' என்று மூன்று சின்ன டேப் வைத்தேன். புதிதாக எழுதச் சோம்பல். மேலே இருந்ததையே நகல் எடுத்து உள்ளே ஒட்டினேன். அதே '.டேப்கள்', அதே '.தலைப்பு', அதே '.பலகம்'. இப்போது வெளிப் பலகம் 3, உள் பலகம் ஒவ்வொன்றிலும் 3, ஆக 9. மொத்தம் 12.

பெரியவருக்காகத் தம்பி உள்ளே 'ஆவணங்கள்' தொட்டபோது என் கட்டளை ஓடியது: '.பலகம்' எல்லாவற்றையும் மூடு. பன்னிரண்டும் மூடின. அதில் 'சாதிச் சான்று' என்ற வெளிப் பலகமும் ஒன்று. அடுத்த கட்டளை: 'ஆவணங்கள்' பலகத்தைத் திற. அதுவும் திறந்தது. ஆனால் அது இருப்பது மூடிய வெளிப் பலகத்துக்குள். தெருவாசல் கதவைப் பூட்டிவிட்டு உள் அறையில் விளக்கு ஏற்றி வைத்த மாதிரி. விளக்கு எரிகிறது, தெருவில் நிற்பவருக்கு இருட்டுதான். தாய்ப் பெட்டி முழுதாக மறைக்கப்பட்டிருந்தால், அதற்குள் இருப்பதைத் 'தெரி' என்று எத்தனை முறை சொன்னாலும் தெரியாது.

முந்தின நாள் நான் சோதித்தபோது ஏன் மாட்டவில்லை? நான் மேலே உள்ள மூன்றை மட்டும் தொட்டுப் பார்த்தேன். நடுவில் நுழைத்ததைத் தொடவில்லை. பழைய வேலையைச் சோதித்துவிட்டுப் புது வேலையைச் சோதிக்காமல் விடுவது எங்கள் தொழிலில் ரொம்பச் சாதாரணம்.

இந்தத் தப்புக்கு இன்னும் சில முகங்கள் உண்டு. சில பக்கங்களில் பெட்டிக்குள் இருக்கும் 'இணைப்பு எல்லாம்' டேப் என்று எழுதி வைத்திருப்பார்கள். தலைப்புகள் இணைப்பாக இருக்கும்வரை சரி. பலகத்துக்குள் 'விண்ணப்பப் படிவத்தைப் பதிவிறக்க' என்று ஒரு இணைப்பு வைத்தால் அதுவும் டேப் கணக்கில் விழும். டேப் நிரலில் பொதுவாக இணைப்பின் இயல்பான வேலையைத் தடுத்து நிறுத்தும் ஒரு வரி இருக்கும். பக்கம் தாவாமல் இருப்பதற்காக வைப்பது. ஆக, படிவம் இறங்காது. அழுத்திப் பார்ப்பவர் தன் போன்தான் பழசு என்று நினைத்துக்கொள்வார். இது எனக்கு உண்மையிலேயே வருத்தமான விஷயம். நம் மக்கள் பக்கத்தின் குறையை எப்போதும் தங்கள் குறையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான முகமும் உண்டு. 'திறந்த பெட்டிக்குள் இருக்கும் பலகம் எல்லாம் தெரியட்டும்' என்று அலங்கார விதி எழுதியிருந்தால், வெளி டேப்பைத் திறந்ததும் உள்ளே இருக்கும் ஆவணம், கட்டணம், அலுவலகம் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாகக் கொட்டிவிடும். இது அசிங்கமாக இருக்குமே தவிர ஆபத்து குறைவு. விவரமாவது கண்ணில் படும்.

ஆபத்தானது ஐடி இரட்டிப்பு. ஒரு பக்கத்தில் ஒரு ஐடி ஒரு முறைதான் வரலாம், ஆதார் எண் மாதிரி. நகல் எடுத்து ஒட்டும்போது '#ஆவணங்கள்' என்பது இரண்டு, மூன்று இடத்தில் வந்துவிடும். கேட்டால் உலாவி முதலில் இருப்பதைத்தான் எடுத்துக் கொடுக்கும். சாதிச் சான்று மேலேயும் வருமானச் சான்று அதன் கீழேயுமாக இரண்டு தொகுப்பு இருக்கும் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 'ஆவணங்கள்' தொட்டால் மேலே இருப்பது திறக்கும். செல்போனில் மேல் பகுதி திரைக்கு வெளியே போயிருக்கும். ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். மேலே உருட்டிப் பார்த்தால் ஒரு பட்டியல் திறந்திருக்கும். அதுதான் நம்முடையது என்று எழுதிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கான சாதிச் சான்றை வழங்குவது வருவாய்க் கோட்டாட்சியர் நிலையில். வருமானச் சான்று வட்ட அளவில். 'எங்கே கொடுப்பது' என்ற டேப் மாறித் திறந்தால் மனிதர் மாறி அலுவலகம் போவார். காலிப் பக்கத்தைவிடத் தப்பான பக்கம் மோசம்.

கண்டுபிடிப்பது எப்படி

நிரல் தெரியாதவர்களும் பாதி தூரம் போகலாம். பக்கம் காலியானதும் முதலில் பக்கத்தைப் புதுப்பியுங்கள். பழையபடி முழுசாக வந்துவிட்டதா? அப்படியானால் சர்வர் உயிரோடுதான் இருக்கிறது. சர்வர் பழுதாக இருந்தால் புதுப்பிக்கும்போது பக்கமே வராது, அல்லது எண்ணோடு ஒரு பிழைச் செய்தி வரும். அடுத்து, அதே வரிசையில் அதே டேப்களைத் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மாதிரி மறைகிறதா? அப்படியென்றால் அது பக்கத்தின் பழுது. நெட் பிரச்சினை இப்படி ஒழுங்காக வராது. ஒரு முறை வரும், ஒரு முறை வராது. இந்த இரண்டே சோதனை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

அந்தப் பக்கத்தின் தகவல் உடனே வேண்டுமென்றால் ஒரு குறுக்கு வழியும் இருக்கிறது. கணினியில் பக்கத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தி 'பக்க மூலத்தைக் காண்க' என்ற பொருளில் வரும் வரியைத் தேர்ந்தெடுங்கள். மறைந்துபோன விவரமெல்லாம் குறிகளுக்கு நடுவில் எழுத்தாக அங்கேயே கிடக்கும். நான் சொன்னேனே, எல்லாம் முதலிலேயே வந்து இறங்கிவிட்டது என்று. அன்றைக்குப் பெரியவருக்கு என்ன ஆவணம் வேண்டும் என்பதை நாங்கள் அப்படித்தான் படித்துச் சொன்னோம். பஸ் போவதற்குள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது.

நிரல் எழுதுகிறவர்களுக்கு: எஃப்12 அழுத்தினால் உலாவியின் உருவாக்குநர் கருவிகள் திறக்கும். பக்கத்தின் உறுப்புகளைக் காட்டும் பகுதியில் கன்ட்ரோல் எஃப் அழுத்தினால் கீழே ஒரு தேடல் கட்டம் வரும். அதில் சாதாரண சொல் மட்டுமல்ல, செலக்டரையும் கொடுக்கலாம். '.பலகம்' என்று கொடுத்தேன். '12-இல் 1' என்று காட்டியது. என் மனக்கணக்கு 3. அங்கேயே விஷயம் முடிந்தது. எதையும் திருத்துவதற்கு முன்னால், 'இந்தச் செலக்டர் எத்தனையைப் பிடிக்க வேண்டும், எத்தனையைப் பிடிக்கிறது' என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாத இடத்தில்தான் பழுது உட்கார்ந்திருக்கும். நான் அன்றைக்கு இதைச் செய்வதற்குள் ஒரு மணி நேரம் நிறத்தையும் எழுத்துருவையும் மாற்றிக்கொண்டிருந்தேன், சொன்னால் சிரிப்பீர்கள்.

திருத்தினேன், பாதிதான் திருந்தியது

எண்ணிக்கை தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம் '>' குறியைப் போட்டதுதான். 'டேப்கள் பெட்டிக்குள் எங்கே இருந்தாலும் பலகம்' என்பதை, 'டேப்கள் பெட்டியின் நேர்ப் பிள்ளையாக இருக்கும் பலகம்' என்று மாற்றினேன்: '.டேப்கள் > .பலகம்'. பேரன் பேத்தி வேண்டாம், சொந்தப் பிள்ளை மட்டும் என்று பொருள்.

எண்ணிப் பார்த்தேன். அதே 12.

ஏன் என்று கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. உள்ளே இருக்கும் ஒன்பது பலகமும் யாருக்காவது நேர்ப் பிள்ளைதானே? உள்ளே இருக்கும் பெட்டிக்கும் '.டேப்கள்' என்றே பெயர் வைத்திருக்கிறேன். 'நாட்டின் பிள்ளைகள் மட்டும் வாங்க' என்றால் 14 நாட்டின் பிள்ளைகளும் வரத்தான் செய்வார்கள். எந்த நாடு என்பதை இன்னும் சொல்லவில்லை.

எந்தப் பெட்டி என்பதைத் தொடும் இடத்திலிருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் 'குளோசஸ்ட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. தொட்ட தலைப்பிலிருந்து மேலே ஏறிப்போய், முதலில் எதிர்ப்படும் '.டேப்கள்' பெட்டியில் நின்றுவிடும். உள் தலைப்பைத் தொட்டால் உள் பெட்டி கிடைக்கும், வெளித் தலைப்பைத் தொட்டால் வெளிப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் மட்டும் தேடு என்று மாற்றினேன். உள் டேப்பைத் தொட்டேன், 3 பலகம்தான் அசைந்தது. வெளிப் பலகம் அப்படியே நின்றது. அப்பாடா என்று இருந்தது.

ஆனால் வெளி டேப்பை மாற்றிவிட்டுத் திரும்பச் 'சாதிச் சான்று'க்கு வந்தால், பலகம் திறக்கிறது, உள்ளே மூன்று சின்னத் தலைப்பும் தெரிகிறது, அவற்றின் கீழே ஒன்றுமில்லை. வெளிப் பெட்டிக்குள் தேடும்போது 12-உம் அகப்பட்டு, உள்ளே திறந்திருந்ததும் சேர்ந்து மூடிவிட்டது. இங்கே ஒரு நுணுக்கம், பலரும் சறுக்குகிற இடம். ஒரு பெட்டிக்குள் 'க்வெரி செலக்டர் ஆல்' கட்டளையை ஓட்டினால், முடிவுகள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்துதான் வரும். ஆனால் செலக்டர் பொருந்துகிறதா என்று பார்ப்பது முழுப் பக்கத்தையும் வைத்துத்தான். 'இந்தப் பெட்டியின் நேர்ப் பிள்ளை' என்று சொல்ல '.டேப்கள்' என்று திரும்ப எழுதக்கூடாது. 'ஸ்கோப்' என்ற சொல்லை முக்காற்புள்ளியோடு போட வேண்டும். ':ஸ்கோப் > .பலகம்' என்ற வடிவம் (இந்தச் சொல் உலாவியின் சொந்தச் சொல் என்பதால் நிரலில் ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்). 'நான் நிற்கும் இந்தப் பெட்டி, இதன் பிள்ளைகள்' என்று பொருள். எண்ணிப் பார்த்தேன். வெளியே 3, உள்ளே 3. அதன்பிறகு எந்த வரிசையில் தொட்டாலும் பக்கம் மறையவில்லை. ஐடிகளுக்கும் சான்றின் பெயரை முன்னால் சேர்த்தேன்: 'சாதி-ஆவணங்கள்', 'வருமானம்-ஆவணங்கள்'.

இவ்வளவு எளிதான '>' குறியை ஆரம்பத்திலேயே எல்லாரும் போட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1996 டிசம்பரில் வந்த சிஎஸ்எஸ் முதல் பதிப்பில் நேர்ப் பிள்ளைக் குறியே கிடையாது. 'உள்ளே எங்கே இருந்தாலும்' என்று சொல்ல மட்டும்தான் வழி. 1998-இல் இரண்டாம் பதிப்பில் '>' வந்தது. ஆனால் 2001-இல் வெளியாகி நம் அலுவலகங்களிலும் பிரவுசிங் சென்டர்களிலும் நெடுங்காலம் ஓடிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்கு அந்தக் குறி புரியாது. 2006-இல் வந்த 7-ஆம் பதிப்புக்குத்தான் புரிந்தது. எனவே ஒரு தலைமுறை நிரலாளர்கள் அகலமான செலக்டரிலேயே பழகினார்கள். அதே 2006 ஜனவரியில் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேக்வெரி, ஒரே வரியில் நூறு உறுப்பைப் பிடித்து மறைக்கும் வசதியைக் கையில் கொடுத்தது. வசதி பெரிது. கை அகலமாக வீசவும் அது பழக்கியது.

ஆனாலும் நன்றாக எழுதப்பட்ட கருவிகள் இதை எப்போதோ கவனித்திருக்கின்றன. ஜேக்வெரி யூஐ-யின் டேப் கருவியில், தலைப்புப் பட்டியலைப் பெட்டிக்குள் முதல் பட்டியலாக மட்டும் எடுத்து, அதன் நேர்ப் பிள்ளைகளை மட்டுமே டேப்பாகக் கொள்வார்கள். 2011-இல் வெளியான பூட்ஸ்ட்ராப்பில், பலகத்தை மறைக்கும் விதியும் காட்டும் விதியும் '>' குறியோடுதான் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே புதிதாக டேப் எழுதப் போகிறவர்கள் என்னைப் போல் கையால் எழுதாமல் இந்த மாதிரிக் கருவியை எடுத்தாலே பாதிச் சிக்கல் குறையும். அப்போதும் ஐடி இரட்டிப்பை எந்தக் கருவியும் தடுக்காது, அது உங்கள் பொறுப்பு.

மலைக்கு ஏற்ற பக்கம்

இன்னும் இரண்டு விஷயம், தலைப்பை ஒட்டியவை.

மலையில் சிக்னல் எட்டிப்பார்த்துவிட்டு மறையும். பக்கத்தின் எழுத்து வந்து, ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு வராமல் நின்றுவிடலாம். பலகங்களை முதலிலேயே மறைத்து வைத்திருந்தால், திறக்க ஆள் இல்லாமல் எல்லாம் மறைந்தபடியே கிடக்கும். அதனால் எல்லாப் பலகமும் தெரிகிற மாதிரியே பக்கத்தை எழுதுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்த பிறகு அதுவே மற்றதை மறைக்கட்டும். வராவிட்டால் பக்கம் நீளமாக இருக்கும், காலியாக இருக்காது. அச்சுக்கும் இதே கதைதான். மையங்களில் ஆவணப் பட்டியலை அச்செடுத்துக் கொடுப்பது வழக்கம், மறைந்த டேப் அச்சிலும் வராது. அச்சுக்கென்று தனி அலங்கார விதி எழுதி எல்லாப் பலகத்தையும் காட்டச் சொல்லிவிட்டால், ஒரு தாளில் எல்லாம் வரும்.

அடுத்தது, கண் பார்வை இல்லாதவர்கள் திரை வாசிப்பான் வைத்துப் பக்கத்தைக் கேட்கிறார்கள். எது டேப், எது பலகம், இப்போது எது திறந்திருக்கிறது என்பதை அந்த மென்பொருளுக்குச் சொல்ல ஏரியா என்ற குறிமுறை இருக்கிறது. 2014-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் அதை முறைப்படி பரிந்துரைத்தது. அகலமான செலக்டர் இதையும் கெடுக்கும். 'எல்லாத் தலைப்பையும் தேர்வு நீக்கு' என்று ஓட்டினால், வெளித் தலைப்பு திறந்திருக்கும்போதே 'தேர்வாகவில்லை' என்று வாசிப்பான் படிக்கும். கண்ணுள்ளவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், கேட்பவருக்கு மட்டும் பொய் சொல்லும். இதைச் சோதிப்பவர்கள் மிகக் குறைவு. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள் 2009-இல் வந்தன, 2023-இல் மூன்றாம் பதிப்பு வந்தது. எல்லாருக்கும் அணுகத்தக்கதாகப் பக்கம் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-உம் இதைத்தான் கேட்கிறது.

புகார் எழுதும்போது

மையத்தில் இருப்பவர்களோ, வீட்டிலிருந்து பார்ப்பவர்களோ இப்படி ஒரு பக்கத்தைக் கண்டால் 'வெப்சைட் வேலை செய்யலை' என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு திருத்துபவர் ஒன்றும் செய்ய முடியாது. அவர் திறந்து பார்ப்பார், முதல் டேப் வரும், 'சரியாகத்தானே இருக்கிறது' என்று புகாரை மூடிவிடுவார். நான் அந்த இருக்கையில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

எந்தப் பக்கம், எந்த டேப்பை முதலில் தொட்டீர்கள், அதற்குள் எதைத் தொட்டதும் மறைந்தது, புதுப்பித்ததும் திரும்ப வந்ததா, போனிலா கணினியிலா, எந்த உலாவி, எத்தனை மணி. முடிந்தால் மறைவதற்கு முன் ஒன்றும் மறைந்த பின் ஒன்றுமாக இரண்டு திரைப்பிடிப்பு. படத்தில் விண்ணப்பதாரரின் ஆதார் எண்ணோ, கேன் எண்ணோ, கைபேசி எண்ணோ தெரிந்தால் அதை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

அன்று அந்தத் தம்பி எனக்குப் போனில் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணா, சாதிச் சான்று தொறந்தா வருது. உள்ள ஆவணங்கள் தொட்டா மொத்தமும் போயிருது. மூணு தடவை பாத்துட்டேன், மூணு தடவையும் அப்படித்தான்." பழுது எங்கே இருக்கிறது என்பது அந்த மூன்று வாக்கியத்துக்குள்ளேயே இருந்தது.